வரப்புக்கு வடக்கே

ஒரு கையால் மாமனாரின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று மறு கையால் துழாவினாள் ஆதியம்மாள். துணிக் கிழிசல் எதுவும் எட்டவில்லை. கட்டிலுக்குப் பக்கத்துச் சட்டியில், நாற்று முடி கட்டுவதற்காக நனைத்துவைத்து மிச்சமான வாழைநார் கிடந்தது. அதில் ஒரு இழையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். நாற்றுக் கட்டைச் சுற்றுகிற மாதிரியே இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி இழுத்தாள். வேறு முடிச்சு எதுவும் அப்போது அவள் கைக்கு வரவில்லை.

அடுத்தது தாடை. பேச்சை நடுவில் நிறுத்தியவர் போல வாயைப் பாதி திறந்துகொண்டு கிடந்தார் பூவராகவன். மோவாயை உள்ளங்கையால் ஏந்தி மூடினாள். அவருடைய தலைத்துண்டையே எடுத்துத் தாடைக்கடியில் கொடுத்து, காதுகளை மூடி, உச்சியில் முடிந்தாள். ஐப்பசி பிறந்துவிட்டால் காதைக் கட்டிக்கொள்கிற மனுஷர்தான். பார்க்கிறவர்கள் குளிருக்குக் கட்டியிருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

யார் பார்க்கப் போகிறார்கள்? அவர்கள் எதற்காக அப்படி நினைக்க வேண்டும்? தன் புத்தி போகிற போக்கைக் கண்டு ஆதியம்மாளே திடுக்கிட்டாள். மாமனார் செத்துப்போனால் மருமகள் செய்ய வேண்டியது ஒன்றுதான். தலைமுடியை அவிழ்த்துவிட்டுத் தெருவாசலுக்கு ஓடிக் குரல் எடுக்க வேண்டும். அவளோ போர்வையை இழுத்து அவர் கால்களை மூடினாள்.

வீட்டின் பின்புறம் பனைமரங்கள், அவற்றைத் தாண்டினால் கழனி. அங்கிருந்து அந்த நேரம் பார்த்துத்தான் நடவுப் பெண்களின் குரவைச் சத்தம் வந்தது. நடவு தொடங்கிவிட்டது.

விடிந்ததும் அவர் கேட்டது அதைத்தான். "கொரவ கேக்கலியே? இன்னும் ஆரமிக்கலியா?" என்றார்.

"இப்பத்தான் போயிகினு கீறாங்க மாமா. கஞ்சி ஆத்திகினு வரட்டா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் கஞ்சியை ஆற்றி எடுத்துவருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மாசம் பிறந்ததிலிருந்து மார்ச்சளியில் தெருவே அதிர இருமிக்கொண்டிருந்தவர், போகிறபோது ஒரு முனகல்கூட இல்லாமல் போனார். சத்தம் போடாமல் அவர் செய்த காரியம் அநேகமாக அது ஒன்றுதான்.

இப்போது ஆதியம்மாள் குரல் எடுத்தால் என்ன நடக்கும் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். குனிந்திருக்கிற பெண்கள் நிமிர்வார்கள், கையிலிருக்கிற நாற்றைச் சேற்றிலேயே போட்டுவிட்டுக் கரையேறுவார்கள். எழவு விழுந்த வீட்டின் கழனியில் எவளும் நாற்று ஊன்றமாட்டாள். கருமாதி முடிகிறவரை வீட்டுக்காரர்களும் சேற்றையோ நாற்றையோ தொடக் கூடாது. பறித்துப் போட்ட நாற்று அதுவரைக்கும் காத்திருக்குமா? மதகு திறக்கத் தாமதமாகி நாற்று ஏற்கெனவே முற்றிக் கிடந்தது. இன்னும் விட்டால் கணு கட்டி நடவுக்கு உதவாமல் போய்விடும். தண்ணீர் முறையும் அன்றைக்கு மட்டும்தான். மறுநாள் விடிந்தால், தண்ணீர் பங்கிடுகிற நீர்க்கட்டி மடையை அடைத்து மேல்மடை ஊருக்குத் திருப்பிவிடுவான். அப்புறம் பாதிக் கழனி தரிசுதான். நெல் குதிரில் கையை விட்டால் இப்போதே அடி தட்டுகிறது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அந்த வீடு வருஷத்தை ஓட்ட முடியாது.

அதைவிட அவளுக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நட்டது பாதியில் நின்றுபோனால் புருஷன் கங்காதரன் அதை அப்பன் விட்ட சாபம் என்றே எடுத்துக்கொள்வான். அந்த மனுஷன் பிறகு ஒரு நாளும் நிமிரமாட்டான்.

சாபம் மாதிரியும் ஒன்று இருக்கத்தான் செய்தது. படாளத்துக்குக் கிழக்கே அந்த ஊர் கடைமடை. எல்லோருக்கும் பாய்ந்து மிஞ்சினால்தான் ஏரித் தண்ணீர் அங்கே எட்டிப்பார்க்கும். அதனால் பூவராகவன் தண்ணீருக்குக் காத்திருக்கிற ஆள் இல்லை. ஆடியில் நாலு தூறல் விழுந்ததும் காய்ந்த புழுதியிலேயே வாடன் சம்பாவை விதைத்துவிடுவார். அது மழையில் வளரும். ஏரித் தண்ணீர் வந்தால் குடிக்கும், வராவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். மழை பொய்த்த வருஷங்களில் ஊரார் நாற்றங்காலை மாட்டுக்கு அறுத்துப் போட்டபோது, இந்த வீட்டில் உலை கொதித்தது அந்தப் புழுதி நெல்லால்தான். சும்மா சொல்லக் கூடாது.

"ஒரு எடத்துல மொளச்சத புடுங்கி இன்னோரு எடத்துல நட்டா அதுக்கு நோவாதா?" என்பார்.

மகன் நேர் எதிர். நடவு என்றால் உயிர். செங்கல்பட்டிலிருந்து சைக்கிளில் வருகிற விவசாய இலாகா டிமான்ஸ்ட்ரேட்டர் வெங்கடராகவன் ஒரு புது விதையைக் கொடுத்து, கயிறு பிடித்து வரிசையாக நடுகிற ஜப்பான் முறையையும் சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து, வீட்டில் சோறு இறங்கவில்லை. அப்பனும் மகனும் ஆனி முழுக்க ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல், "ஒங்க மாமங்கிட்ட சொல்லு", "ஒம் புருசங்கிட்ட சொல்லு" என்று ஆதியம்மாளை நடுவில் வைத்துப் பந்தாடினார்கள்.

வெங்கடராகவன்தான் பஞ்சாயத்துச் செய்தார். கழனிக்கு நடுவில் ஒரு வரப்புப் போடுவது. வரப்புக்குத் தெற்கே புழுதி விதைப்பு, வடக்கே நடவு. ஒவ்வொரு பக்கத்திலும் பாதி வாடன் சம்பா, பாதி புது விதை. தையில் நாலையும் தனித்தனியாக அறுத்து அளந்துவிட்டால் எந்த விதைக்கு எந்த முறை ஒத்துவருகிறது என்று நெல்லே சொல்லிவிடும். கிழவர் ஒத்துக்கொண்டார். ஆனால் எழுந்து போகும்போது ஒரு வார்த்தை விட்டார்.

"ஆவட்டும். ஆனா எங் கயனியில நாத்து நடறத எங் கண்ணு பாக்காது. அதுக்கு முன்னாடி போய்ச் சேந்துடுவேன்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தச் சமயம் சுவரில் பல்லி ஒன்று சொல்லியது. ஆதியம்மாள் சட்டென்று விரலால் தரையைத் தட்டினாள். அன்றைக்கு விழுந்த கலக்கம் அவளுக்குப் பிறகு தெளியவே இல்லை.

அவளுக்கு மட்டும் தெரிந்த இன்னொன்றும் உண்டு. புரட்டாசியில் ஒரு சாயங்காலம், சாணி எருவைக் கொட்டப் போனவள், மாமனார் நாற்றங்காலில் குந்தியிருப்பதைப் பார்த்தாள். வாடன் சம்பா நாற்றுக்கு மட்டும் இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளி விட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. "வாடிகினு இருந்திச்சி. பாவமேன்னு ஊத்தனேன். அவங்கிட்ட சொல்லிகினு திரியாத" என்றார். அவளும் சொல்லவில்லை.

அதை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டதாக இப்போது தனக்குச் சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆசைதான். ஆனால் முதலில் நினைவுக்கு வந்தது குதிரின் அடி. அதை அவள் தனக்கே மறைத்துக்கொள்ள முடியவில்லை.

வெயில் ஏறியது. நடவன்று பகல் சோறு கழனிக்காரர் வீட்டுப் பொறுப்பு. கூரையில் புகை எழும்பாவிட்டால், என்னடா இது என்று யாராவது வந்து நிற்பார்கள். எழவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். சுள்ளியை முறித்துச் செருகினாள். தீக்குச்சி ஒன்றுக்கு இரண்டாக வீணாயிற்று. செத்தவர் தலைமாட்டில் விளக்கு ஏற்றவில்லை. பட்டப்பகலில் விளக்கு எதற்கு என்று பார்க்கிறவன் கேட்பான். "இந்த நெருப்பே வெளக்கா இருக்கட்டும் மாமா" என்று சொல்லிக்கொண்டே உலையை ஏற்றினாள்.

அரிசி கொதிக்கிற நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

"பெரியவரே! நடவு நாள் அதுவுமா படுத்துண்டிருந்தா எப்படி?" என்று கேட்டபடி வெங்கடராகவனே வந்துவிட்டார். காலில் இருந்த செருப்பைக் கழற்றிவிட்டு, தாழ்வாரத்துப் படியில் ஏறிக் கட்டிலைப் பார்த்தார்.

ஆதியம்மாள் கரண்டியும் கையுமாக ஓடிவந்து குறுக்கே நின்றாள். "ராவெல்லாம் இருமல் சார். இப்பத்தான் கண்ணு அசந்தாரு."

"ஓ, தூங்கறாரா? காதையெல்லாம் கட்டிண்டு..." குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் போகவில்லை. நல்ல மனுஷர், கிழவரிடம் சண்டை போடுவதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம். "தெக்குப் பக்கம் இப்பத்தான் பாத்துட்டு வரேன். புழுதியில உங்க வாடன் சம்பா பிரமாதமா நிக்கறது. என் விதை சோனியாத்தான் கெடக்கு. ஒத்துக்கறேன் பெரியவரே. ஆனா வடக்கால அதே வாடனை நட்டிருக்கோமே, அது எப்படி வரதுன்னு பாக்க வேணாமா? அதுக்காவது எழுந்து உக்காருங்கோ."

துண்டுக்கடியிலிருந்து ஒரு ஈ ஊர்ந்து வந்து கிழவரின் உதட்டில் நின்றது. உதடு அசையவில்லை. ஆதியம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விசிறியை எடுத்து, முகத்துக்கு நேரே வேகமாக வீசினாள்.

"ஈ மொய்க்கறதே. கொஞ்சம் வேப்பிலை போடுங்கோ" என்றார் அவர். "எழுந்தார்னா நான் தோத்துட்டதா ஒத்துண்டேன்னு சொல்லுங்கோ. சந்தோஷப்படுவார்."

"சொல்றேன் சார்."

சைக்கிள் சத்தம் தெருமுனையைத் தாண்டுகிறவரை விசிறியை நிறுத்தவில்லை. அப்புறம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். "கேட்டீங்களா மாமா, அந்த மனுசனே தோத்துட்டேன்னு சொல்லிட்டுப் போறாரு. உசுரோட இருந்தா ஊரயே கூட்டியிருப்பீங்களே. நான் பாவி, என்னிய மன்னிச்சிடுங்க. இன்னிக்கி ஒரு பொயுது பொறுத்துக்குங்க." அடுப்பில் சோறு பொங்கி வழிகிற சத்தம் கேட்டுத்தான் எழுந்தாள்.

உச்சிவேளையில் பின்வாசல் வழியாக வேண்டா வந்தாள். நடவுப் பெண்களுக்குத் தலைவி அவள்தான். அதே தெருக்காரி; பூவராகவனை அண்ணாத்தே என்று அழைத்தே வளர்ந்தவள். முழங்கால் வரை சேறு, இடுப்பில் தூக்கிச் செருகிய புடவை.

"சோறு ஆயிடுச்சாடி? பொண்ணுங்க வவுறு இயுக்குதுன்னு கத்திகினு கீறாளுங்க. நானே தூக்கிகினு போறேன்னு வந்தேன்."

"ஆயிடுச்சி சின்னம்மா. தோ, எறக்கி வெச்சிட்டேன். நீ குந்து, நான் கொழம்ப ஊத்தறேன்."

"குந்தறதுக்கு ஏது நேரம்? அண்ணாத்த எப்பிடி கீறாரு? ஒரு பார்வ பாத்துட்டு வரேன்."

"தூங்கறாரு சின்னம்மா, எயுப்பாத—" என்பதற்குள் வேண்டா தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள்.

ஆதியம்மாள் அடுக்களை நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். விசிறுகிற வேகத்தில் போர்வை ஒதுங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். இரண்டு பாதங்களும் வெளியே தெரிந்தன. கட்டைவிரல்களைச் சேர்த்து வாழைநார்.

வேண்டா முகத்தைப் பார்க்கவில்லை. பாதங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கெண்டைக்காலிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தரையில் ஒரு திட்டாகியது. வெளியே கழனியில் யாரோ என்னவோ சொல்ல, எல்லோரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதில் கங்காதரனின் சிரிப்பும் இருந்தது.

வேண்டா குனிந்து போர்வையை இழுத்துப் பாதங்களை மூடினாள். திரும்பி வந்து அடுப்பைப் பார்த்தாள், சோற்றுப் பானையைப் பார்த்தாள், கடைசியாக ஆதியம்மாளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு அறை வாங்கியிருந்தால் தேவலை என்று இருந்தது ஆதியம்மாளுக்கு.

"நாத்து கால்வாசிக்கு மேல பாக்கி கீது" என்றாள் வேண்டா. குரலில் ஒன்றும் இல்லை. "வெய்யில் சாயறதுக்குள்ள ஆயிடும்."

குழம்புச் சட்டியைச் சோற்றுப் பானை மேல் வைத்து, சும்மாட்டைச் சுற்றி, இரண்டையும் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

போய்ச் சொல்லிவிடுவாள். ஊருக்கே சொல்லிவிடுவாள். ஆதியம்மாள் பனைமரத்து நிழல் வரை பின்னாலேயே போய் நின்றாள். வரப்புக்குத் தெற்கே புழுதிப் பயிர் தொடை உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றது. அதில் காற்று இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. வடக்கே வெறும் சேறும் தண்ணீரும், அதில் வரிசை வரிசையாக நட்ட நாற்று. நட்ட அன்றைக்கு எந்த நாற்றும் அழகாக இருக்காது. தலை தொங்கிப் பழுப்பாகக் கிடந்தது. நடுவரப்பில் பானையோடு போய்க்கொண்டிருந்தாள் வேண்டா.

பாதி தூரத்தில் அவள் சாய்ந்தாள். பானை வரப்பில் விழுந்து பிளந்தது. வெள்ளைச் சோறு அத்தனையும் சேற்றுத் தண்ணீரில் சரிந்தது.

தண்ணீர்க் குடத்தின் மேல் குடம் வைத்து ஏரிக்கரையில் ஓடுகிறவள் வேண்டா. ஒரு நாளும் ஒரு சொட்டுச் சிந்தினதில்லை.

"ஐயையோ! இன்னா சின்னம்மா, கண்ணு பொடனியிலயா கீது?" என்று கத்தினாள் ஒருத்தி. "காலயிலருந்து ஒண்ணும் துன்னல!" என்றாள் இன்னொருத்தி.

"வயுக்கிடுச்சிடி. அதுக்கு இன்னா இப்ப? வவுத்த இறுக்கிக் கட்டிகினு நடுங்க. முடிச்சிட்டுத்தான் கரையேறணும்."

கங்காதரன் கயிற்றைக் கீழே போட்டான். "இரு அத்த, நான் வூட்டுக்குப் போயி அவலாச்சும் கொண்டாரேன். நைனாவயும் பாத்துட்டு வந்துடறேன்."

அவன் கரையேறி இரண்டு எட்டு வைத்துவிட்டான். ஆதியம்மாள் பனைமரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எங்க போற?" வேண்டாவின் குரல் வெடித்தது. "கயிறு ஒங்க தாத்தனா வந்து புடிப்பான்? வரிச கோணிகிச்சின்னா அப்பால என்னிய கேக்கக் கூடாது. அண்ணாத்த நல்லாத் தூங்கறாரு, நான் பாத்துட்டுத்தான் வரேன். புடிடா கயித்த!"

அவன் சிரித்துக்கொண்டே திரும்பிக் கயிற்றை எடுத்தான்.

அப்போதுதான் ஆதியம்மாளுக்கு உறைத்தது. பிணம் கிடக்கிற வீட்டில் பொங்கிய சோறு. அதை அத்தனை பெண்களுக்கும் போட இருந்தாள் அவள். கழனியை நினைத்தாள், குதிரை நினைத்தாள், புருஷனை நினைத்தாள். அந்தப் பெண்களை ஒரு நொடி நினைக்கவில்லை. வெட்கத்தில் அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது. உள்ளே போய் அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்தாள்.

அதற்கப்புறம் நேரம் நகரவே இல்லை. கட்டிலடியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். கழனியில் பாட்டுச் சத்தம் நின்றுபோயிருந்தது. "பாடேன் சின்னம்மா" என்று யாரோ கேட்பதும், "தொண்ட கட்டிகிச்சி, வேலயப் பாரு" என்று வேண்டா அதட்டுவதும் கேட்டது. கூரை முகட்டில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, போகாமல் கத்தியது. அதை விரட்ட எழுந்து போனால் இவரைத் தனியாக விட வேண்டுமே என்று போகவில்லை.

வெயில் மஞ்சளான நேரத்தில் கழனியிலிருந்து கூப்பிட்டார்கள். "ஆதீ! கடைசி முடி நட வாடீ!" கடைசி நாற்று முடியை வீட்டுக்காரி வந்து நட்டு, குங்குமம் கொடுத்து, எல்லோரும் குரவை இடுவது வழக்கம். அவள் எழுந்திருக்கவில்லை.

"அவ வரமாட்டா, கெயவர வுட்டுட்டு எங்க வருவா?" என்று வேண்டாவே பதில் சொன்னாள். "இப்பிடிக் குடு, நான் நடறேன்."

குரவை கேட்கவில்லை. காலையில் கிழவர் காது கொடுத்துக் காத்திருந்தும் அவர் போன பிறகே வந்த குரவை, சாயங்காலம் வரவே இல்லை.

பின்வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம் கேட்டது. வேண்டா கைகால் கழுவிக்கொண்டு, செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டு, தாழ்வாரத்துக்கு வந்து நின்றாள். மற்றவர்கள் இன்னும் வாய்க்காலில் இருந்தார்கள்.

"முடிஞ்சிடுச்சி" என்றாள். "இப்பக் கொரலு எடுடி."

ஆதியம்மாள் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து அடக்கிவைத்தது, கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றது. வேண்டாதான் கட்டிலடியில் விழுந்து, "என்னப் பெத்த அண்ணாத்தே!" என்று ஆரம்பித்தாள். தொண்டை கட்டிவிட்டது என்றவளின் குரல் ஏரிக்கரை வரை போயிற்று. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஆதியம்மாளின் அழுகை வெளியே வந்தது.

கங்காதரன் சேற்றுக் காலோடு ஓடிவந்தான். "நைனா! நைனா!" என்று கட்டிலில் விழுந்தான். முகத்தைத் தடவினான், மார்பைத் தடவினான். கையைத் தூக்கிப் பார்த்தான், அது வளையவில்லை. அவன் அழுகை சட்டென்று நின்றது.

"காலு கட்டணும், தாட கட்டணும்" என்று பெண்கள் போர்வையை விலக்கினார்கள். இரண்டும் ஏற்கெனவே கட்டியிருந்தது. காலையில் நனைந்திருந்த வாழைநார் இப்போது காய்ந்து முறுக்கேறி, விரல்களில் தடம் பதிய இறுகியிருந்தது. கங்காதரன் அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். நாற்று முடிச்சு. அது யார் கைக்கட்டு என்று அவனுக்குத் தெரியாதா?

"எப்பம்மா உசுரு போச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"இப்பத்தான், நாங்க கரையேறுன நேரத்துல" என்றாள் வேண்டா, துணிக் கிழிசல் ஒன்றை நாருக்கு மேலேயே சுற்றிக்கொண்டு.

கங்காதரன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தலையை நிமிர்த்தவில்லை. அவன் எழுந்து வெளியே போனான். அதற்குப் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பன் பிணத்தைப் போட்டுக்கொண்டு என்னைச் சிரிக்க வைத்தாயே என்று கேட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். ஒன்றும் கேட்காததுதான் நெஞ்சை அறுத்தது. பந்தல்காரனிடம் பேசினான், பறை அடிக்கிறவர்களிடம் பேசினான். அவள் நீட்டிய தண்ணீரை மட்டும் வாங்கவில்லை.

மறுநாள் காலை ரயிலில் கூடுவாஞ்சேரியிலிருந்து கிழவரின் மகள் சாந்தா வந்து விழுந்தாள். "கடைசியா இன்னா சொன்னாரு அண்ணி? என்னியக் கேட்டாரா?" என்று ஆதியம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கொரவ கேக்கலியேன்னாரு" என்றாள் ஆதியம்மாள். சாந்தாவுக்கு அது புரியவில்லை.

சுடுகாடு கழனிக்கு அப்பால். கழனிக்கு நடுவில் போட்ட புது வரப்புதான் குறுக்கு வழி. சுற்றிப் போனால் ஏரிக்கரை முழுக்க நடக்க வேண்டும், வெயிலும் ஏறிவிட்டது. பாடையைத் தூக்கியவர்கள் வரப்பருகே வந்ததும் தயங்கினார்கள். வரப்பில் ஒரு ஆள்தான் நடக்கலாம். பாடையைத் தூக்கினால் இரண்டு பேர் தெற்கே இறங்க வேண்டும், இரண்டு பேர் வடக்கே இறங்க வேண்டும்.

"இன்னா கங்காதரா, நேத்து நட்டதாச்சே?" என்றார் ஒருவர்.

கொள்ளிச் சட்டியோடு முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. கங்காதரன் பார்க்கவும் இல்லை. "நடங்க" என்றான்.

பெண்கள் பனைமரங்களோடு நின்றுவிட்டார்கள். ஆதியம்மாள் அங்கிருந்து பார்த்தாள். தெற்குப் பக்கம் மிதிபட்ட புழுதிப் பயிர் சாய்ந்தது. கால் போன பிறகு மெல்ல மெல்ல எழுந்துகொண்டது. வடக்குப் பக்கம் அப்படி இல்லை. வரப்பை ஒட்டினாற்போல் நட்டிருந்தது வாடன் சம்பா நாற்று. கிழவர் கையால் அள்ளித் தண்ணீர் விட்டாரே, அதே நாற்று. வேர் பிடிக்காத அந்த வரிசை, அடிக்கு அடி சேற்றுக்குள் அமுங்கியது. காலடிக் குழிகளில் தண்ணீர் ஊறி நின்றது.

"வரிசையே பூடுச்சே" என்று வேண்டா அவள் காதோரம் சொன்னாள். "நிமுத்தி வெக்கலாம்னா கருமாதி வரைக்கும் நீங்க யாரும் சேத்துல கை வெக்கக் கூடாது. வேற எவளும் எறங்கமாட்டா. அதுக்குள்ள அயுகிடும்."

எல்லாம் செய்து என்ன பலன், அவரே மிதித்துக்கொண்டு போய்விட்டார் என்று ஆதியம்மாள் நினைத்தாள். நினைத்தபோது பயமாக இருந்தது.

போனவர்கள் எல்லோரும் ஏரியில் தலைமுழுகிவிட்டுத் திரும்பினார்கள். கங்காதரன் மட்டும் வரவில்லை. "பின்னால வரேன்னான்" என்றார்கள். சாந்தா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். கொள்ளி வைத்தவன் வழியில் நிற்கக் கூடாது, அங்கே இங்கே பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். ஏரியில் இறங்கிவிட்டானோ என்று ஆதியம்மாள் பின்வாசலுக்குப் போய்ப் போய்ப் பார்த்தாள்.

நிழல் நீண்ட பிறகு அவன் பின்பக்கமாக வந்தான். மழித்த தலை, ஈர வேட்டி. வீட்டுக்குள் நுழையும் முன் கால் கழுவ வேண்டும். ஆதியம்மாள் செம்பை எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கத் துணிவு வராமல் அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் காலை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான். நகக்கண் எல்லாம் கழனிச் சேறு. மணிக்கட்டில் ஒரு நாற்றுத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே யாரோ, "கங்காதரன் வந்துட்டானா?" என்று கேட்டார்கள்.

அவள் அந்தத் தாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, செம்பைச் சாய்த்துத் தண்ணீரை ஊற்றினாள்.